சாமி வண்டி சிக்னலில் நிற்காது

சிதம்பரத்தில் நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் ஒரு சோதனை உண்டு. கண் காட்ட வருகிறவரை நாற்காலியில் உட்காரவைத்து, பாதி சிவப்பும் பாதி பச்சையுமாக இருக்கும் பலகையைக் காட்டிக் கேட்க வேண்டும். சிவப்பில் இருக்கும் எழுத்து தெளிவாகத் தெரிகிறதா, பச்சையில் இருப்பதா? நாள் முழுக்க இதைத்தான் கேட்கிறேன். பி.எஸ்சி. இயற்பியல் படித்ததற்குக் கிடைத்த வேலை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான் என்று அம்மா இன்னமும் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்கிறாள். சொல்லட்டும்.

போன வருடம் மாசி மகத்தன்று ஒரு பெரியவரிடம் இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. என் தம்பி அருள்முருகனை ஆம்புலன்சில் ஏற்றி, கடலூரிலிருந்து சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறார்கள் என்றார்கள். கடையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஷேர் ஆட்டோவில் போனேன். ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். இளநீர் விற்பவர் ஒருவர், "யாருக்கும்மா, உள்ள இருக்காங்களா?" என்று கேட்டார். "இன்னும் வரல," என்றேன். அவர் அடுத்த இளநீரைச் சீவ ஆரம்பித்தார்.

அருளு கொஞ்ச நாள் கிடந்தான். பிறகு இல்லை.

எங்கள் காலனி குடிகாட்டுக்குத் தெற்கே, சிதம்பரம் ரோட்டை ஒட்டி இருக்கிறது. மாசி மகத்துக்குச் சுற்றுப்பட்டுச் சாமிகள் எல்லாம் தேவனாம்பட்டினம் கடலுக்குத் தீர்த்தவாரிக்குப் போகும். முன்பு தோளில் போனது. இப்போது டிராக்டரில் போகிறது. எங்கள் மாரியம்மனும் அப்படித்தான். முன்னால் டிராக்டர். அதற்குப் பின்னால் டிரெய்லர். அதில் பூ ஜோடித்த அம்மன், பூசாரி, பெண்கள், மேளக்காரர்கள். டிரெய்லருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டிய சின்ன ஜெனரேட்டர் வண்டி. மூன்றும் சேர்ந்தால் ஒரு பஸ்ஸைவிட நீளம். பிரேக் இருப்பது டிராக்டருக்கு மட்டும். பின்னால் வரும் இரண்டும் தள்ளிக்கொண்டுதான் வரும்.

சாமி வண்டி சிக்னலில் நிற்காது. இது எங்கும் எழுதிவைக்காத சட்டம். பூசை வாங்குவதற்கென்று உள்ள இடத்தைத் தவிர வேறெங்கு சாமி நின்றாலும் குறை என்பார்கள். நின்றால் பின்னால் வரும் ஊரின் சாமி முந்திவிடும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

போன வருடம் டிராக்டர் ஓட்டியது செம்பியன். என் தாய்மாமன் சாமிக்கண்ணுவின் மகன். எனக்கு மச்சான். மாமாதான் காலனித் திருவிழாவுக்குத் தலைவர், டிராக்டரும் அவருடையது. அவர் பெரிய சக்கரத்துக்கு மேலே மட்கார்டில் உட்கார்ந்திருந்தார். மஞ்சக்குப்பத்துக்குப் போகும் வழியில் இருக்கும் பெரிய சிக்னலில் மஞ்சள் விழுந்தது. மாமா "போடா, போடா" என்றார். செம்பியன் போனான். டிராக்டர் கடந்தது. அம்மன் கடந்தாள். அதற்குள் எங்களுக்குச் சிவப்பு விழுந்து, குறுக்கே நின்றவர்களுக்குப் பச்சை விழுந்து, ஒரு பஸ் கிளம்பியது. பஸ் டிரைவர் அம்மனைப் பார்த்தார். கையெடுத்துக்கூடக் கும்பிட்டாராம். அம்மன் போனதும் வண்டி முடிந்தது என்று நினைத்துவிட்டார். அதற்குப் பின்னால் இடுப்பு உயரத்தில் இன்னொன்று வருவது அவருக்குத் தெரியவில்லை. அந்த ஜெனரேட்டர் வண்டியில், டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு அருளு உட்கார்ந்திருந்தான்.

"தாயி எடுத்துக்கிட்டா," என்றார்கள் எல்லோரும். எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து சொன்னார்கள், டீ குடித்துக்கொண்டு சொன்னார்கள். "சின்ன வயசுலேர்ந்தே அவன்மேல தாயிக்கு ஒரு இது." அம்மாவும் சொல்ல ஆரம்பித்தாள். ஒரு வருடமாகச் சொல்கிறாள். காலையில் எழுந்ததும் அம்மன் படத்துக்கு முன் நின்று, "வச்சிக்க தாயி, நல்லா பாத்துக்க," என்கிறாள். அந்த நேரத்தில் நான் பல் துலக்கிக்கொண்டிருப்பேன். எடுத்துக்கொள்ள அம்மனுக்கு ஒரு பஸ் எதற்கு என்று கேட்கத் தோன்றும். வாய் நிறைய நுரை இருக்கும். துப்பிவிட்டு வேலைக்குப் போவேன்.

நான் அழவில்லை. அதைப் பற்றியும் பேசினார்கள். படித்த பெண், கல்லு மாதிரி இருக்கிறாள் என்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடலூர் போய் அந்த சிக்னலுக்கு எதிரே உள்ள டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. சும்மா பார்ப்பேன். டேங்கர் லாரிகள், கரும்பு டிராக்டர்கள், ஜல்லி டிப்பர்கள். கொஞ்ச நாளில் ஒன்று புரிந்தது. லேசான வண்டிக்காரன் விளக்கைப் பார்க்கிறான். பாரம் இழுக்கிறவன் விளக்கு விழுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. தூரத்தில் பார்க்கும்போதே பச்சை எரிந்துகொண்டிருந்தால் அது பழைய பச்சை. எப்போது விழுந்தது என்று தெரியாது. நாம் போய்ச் சேருவதற்குள் போய்விடும் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். நம் கண்ணெதிரே விழுந்த பச்சைதான் புதியது. மஞ்சளைப் பார்த்த பிறகு யோசிக்கிறவனால் நிறுத்தவும் முடியாது, கடக்கவும் முடியாது. நிறுத்தினால் பின்னால் இருக்கும் பாரம் அவனை நடு ரோட்டுக்குத் தள்ளும். நிறுத்தாவிட்டால் வால் மாட்டும். பரீட்சையில் உந்தம் பற்றிப் பத்து மார்க் கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அதில் வால் பற்றி ஒன்றும் இல்லை.

இந்த வருடம் தலைத்திவசத்தை முன்கூட்டியே முடித்த கையோடு மாசி மகம் வந்தது. காலனியில் கூட்டம் போட்டார்கள்.

"டிரைவருக்கு லைசென்ஸ் இருக்கணும்னு இன்ஸ்பெக்டரு கறாரா சொல்லிட்டாரு," என்றார் மாமா. "இல்லன்னா வண்டி கடலுக்குப் போவாது, ஸ்டேசனுக்குத்தான் போவும்ன்றாரு. யாருக்கிட்ட இருக்குது?"

டிராக்டர் ஓட்டத் தெரியாத ஆண் எங்கள் காலனியில் இல்லை. லைசென்ஸ் யாரிடமும் இல்லை. ஒருவனிடம் டூவீலருக்கு இருந்தது. செம்பியனுக்குப் போன வருடமே இல்லை. அதற்கும் சேர்த்துத்தான் கேஸ் நடக்கிறது. அவன் கூட்டத்துக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"எங்கிட்ட இருக்குது," என்றேன்.

யாரும் திரும்பவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிதம்பரத்தில் டிரைவிங் ஸ்கூலில் படித்து எடுத்த கார் லைசென்ஸ், டிராக்டருக்கும் செல்லும். டிராக்டரும் புதிதல்ல. மாமாவின் வண்டியில் கரும்பு ஏற்றிய டிரெய்லரோடு ஆலை வரை ஓட்டியிருக்கிறேன்.

"பொம்பள புள்ள சாமி வண்டிய ஓட்டுறதா?" என்றார் பூசாரி.

"வண்டிமேல குந்தியிருக்கறது மட்டும் ஆம்பளயா, பூசாரி?" என்றார் ராபர்ட் அண்ணன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவார். மாசி மகத்துக்கு எங்கள் அம்மனுக்கு மேளம் அடிப்பார். கூட்டம் சிரித்தது. பூசாரியும் சிரித்துத் தொலைத்தார்.

மாமா மட்டும் சிரிக்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாணாம் பாப்பா. உன் மனசுக்கு..."

"என் மனசு ஒண்ணும் வண்டி ஓட்டப் போறதில்ல மாமா. ஆனா ஒண்ணு. நான் ஓட்டுனா என் இஷ்டத்துக்குத்தான் ஓட்டுவேன்."

"ஓட்டேன், யாரு வாணாம்னது?"

நான் சொன்னதன் அர்த்தம் அவருக்குப் புரியவில்லை என்பது எனக்குப் புரிந்தது. விளக்கவில்லை. அம்மனுக்குச் சேவை செய்ய நான் கிளம்பவில்லை. அந்த சிக்னலில், அந்த வண்டி, ஒரே ஒரு தடவை நிற்க வேண்டும். அதை என் கண்ணால் பார்க்க வேண்டும். வேறெதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

மாமாவின் மனைவி என்னைத் தனியே கூப்பிட்டு, "உனக்கு அந்த நாளெல்லாம் வராதே?" என்று கேட்டாள். "டிராக்டருக்கு அது தெரியாது அத்த," என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று விடிந்ததும் வண்டி கட்டினோம். வயலில் திருப்புவதற்கு வசதியாக டிராக்டரின் இரண்டு பிரேக் மிதிகளையும் தனித்தனியாக விட்டிருப்பார்கள். ரோட்டில் அப்படி ஓட்டினால், ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் எவனையாவது கொல்லும். இரண்டையும் சேர்த்துத் தாழ் போட்டேன். டிரெய்லருக்குப் பின்னால் பிரேக் லைட் என்று ஒன்று இருந்தது. கண்ணாடி மட்டும் இருந்தது, பல்ப் இல்லை. ஜெனரேட்டர் வண்டியில் அதுவும் இல்லை. பின்னால் வருகிறவனுக்கு நான் நிறுத்தப் போவது தெரிய வழியே இல்லை.

"ஜெனரேட்டர் வண்டியில யாரும் ஒக்காரக் கூடாது," என்றேன்.

"நடுவுல அது நின்னுபோச்சின்னா?" என்றார் மாமா. "மைக் செட்டு, லைட்டு எல்லாம் அதுலதான் ஓடுது."

"நிக்கட்டும். எறங்கிப் போயி பாக்கலாம்."

"நான் டிரெயிலர் கடைசில நின்னுக்கறன்," என்று குரல் வந்தது. செம்பியன். ஒரு வருடத்தில் அவன் குரலை அப்போதுதான் கேட்டேன். அவன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு குழாயடிதான் இருக்கிறது. "அங்கேர்ந்தே ஜெனரேட்டரப் பாத்துக்கறன்."

நான் அவன் முகத்தைப் பார்க்காமல் டிரெய்லரின் பின்பலகையைப் பார்த்துச் சொன்னேன்.

"ஒரு நீள ஹாரன் அடிச்சா நிறுத்தப் போறேன்னு அர்த்தம். பின்னாடி வரவனுக்குக் காட்டணும்."

"எதக் காட்டறது?"

"செவப்பா எதுனா. துணி."

"நிறுத்தப் போறியா?"

"ம்."

"எங்க?"

அவனுக்குத் தெரியும். அம்மனுக்குச் சாத்திக் கழித்த சேலையில் ஒரு முழம் கிழித்து மணிக்கட்டில் சுற்றிக்கொண்டான்.

அம்மா டிரெய்லரின் முன்பக்கம், எனக்கு நேர் பின்னால், கையில் விளக்கோடு உட்கார்ந்தாள். மகன் போன வண்டியில் ஏற மாட்டாள் என்று நினைத்திருந்தேன். ஏறினாள். "தாயி புள்ளைய வச்சிருக்கா. நான் போயி பாக்காம இருப்பனா?" என்றாள் பக்கத்துப் பெண்ணிடம்.

கிளம்பினோம். முதுநகர் வரை ஒன்றும் இல்லை. மெதுவாகத்தான் போனேன். என் முன்னால் நல்ல இடைவெளி விட்டுக்கொண்டு போனேன். அந்த இடைவெளிதான் என் பிரேக். ஆனால் கடலூரில் ரோட்டில் காலி இடம் இருந்தால் ஆண்டவனுக்கே பொறுக்காது. மோட்டார் பைக்குகள் அதில் வந்து சொருகிக்கொண்டே இருந்தன. ஒருவன் சொருகியதும் நான் காலை எடுத்து மறுபடி இடைவெளி விடுவேன். இன்னொருவன் வருவான்.

"மாட்டு வண்டியாடி ஓட்டுற?" என்றார் மட்கார்டில் இருந்த மாமா. "பின்னாடி பாரு, ஊரு சாமி வந்துகிட்டு இருக்குது."

கண்ணாடியில் பார்த்தேன். ஊர்த்தெருவின் பெருமாள். அந்த டிராக்டரை ஓட்டியவன் இளவரசு. என்னோடு பிளஸ் டூ வரை படித்தவன். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு டவுன் பஸ் வந்துகொண்டிருந்தது.

பாலம் தாண்டியதும் தூரத்தில் சிக்னல் தெரிந்தது. பச்சை. நான் பார்க்கும்போதே எரிந்துகொண்டிருந்தது. டீக்கடை தெரிந்தது. நான் உட்காரும் பெஞ்ச் தெரிந்தது. காலை எடுத்தேன்.

"எதுக்கு ஸ்லோ பண்ற? பச்சை இருக்குது பாரு. போ, போ."

"அது பழைய பச்சை மாமா."

"பச்சையில என்னாடி பழசு புதுசு? காய்கறியா அது?"

நீளமாக ஒரு ஹாரன் அடித்தேன். கியரைக் குறைத்தேன். டிரெய்லர் பின்னாலிருந்து முட்டுவது முதுகில் தெரிந்தது. கண்ணாடியில் செம்பியனைப் பார்த்தேன். அவன் அசையவில்லை. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிக்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடியும் ஹாரன் அடித்தேன். பின்னால் பஸ் வேகம் குறையாமல் வந்துகொண்டிருந்தது. இவன் காட்டாவிட்டால் என்னால் நிறுத்த முடியாது. நிறுத்தினால் பஸ் ஜெனரேட்டர் வண்டியில் ஏறும், அது டிரெய்லரில் ஏறும், டிரெய்லரில் அம்மா இருக்கிறாள். செம்பியன் சும்மா நின்றால் போதும். போன வருடம் நடந்தது மாதிரியே எல்லாம் நடந்துவிடும்.

அவன் கையை எடுத்தான். மணிக்கட்டிலிருந்த துணியை அவிழ்த்தான்.

"டேய், என்னாடா பண்ற? உள்ள குந்துடா!" என்று மாமா கத்தினார்.

செம்பியன் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, அந்தத் துணியை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான். பஸ்ஸின் மூக்கு தரையைப் பார்த்துத் தாழ்ந்தது. நான் பிரேக்கை அழுத்தினேன். ஒரேயடியாக இல்லை, அழுத்தி, விட்டு, அழுத்தி. மஞ்சள் விழுந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கமே டிராக்டர் நின்றது. டிரெய்லர் ஒரு தடவை முட்டிவிட்டு நின்றது. ஜெனரேட்டர் வண்டியும் நின்றது. சிவப்பு விழுந்தது.

மேளம் உடனே நிற்கவில்லை. ராபர்ட் அண்ணன் என்ன ஆயிற்று என்று பார்த்துக்கொண்டே நாலு அடி அடித்தார். பிறகு கை இறங்கியது. மைக் செட்டில் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"எடு வண்டிய," என்றார் மாமா.

"சிவப்பு."

"தெரியுது. நானும் கண்ணாலதான் பாக்கறன். எடு. சாமி வண்டிடி இது."

"அதனாலதான் மாமா."

சிக்னலில் நின்ற ஊர்க்காவல் படைக்காரர் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். போகச் சொல்கிறார். அவருக்கே புரியவில்லை, சாமி ஏன் நிற்கிறது என்று. போலீஸ்காரர்கள் எல்லாம் கடற்கரையில் இருந்தார்கள். நான் அவரிடம் சிவப்பு விளக்கைக் கை நீட்டிக் காட்டினேன். அவர் அண்ணாந்து விளக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அப்போது பின்னாலிருந்து ஹாரன் வந்தது. பெருமாள். இளவரசு பஸ்ஸைச் சுற்றி வெளியே எடுத்து, எங்களுக்கு வலது பக்கமாக, எதிரே வருகிறவர்களின் பாதையில் ஏறி வந்தான். அவர்களுடைய வண்டியும் எங்களுடையது போலத்தான்: டிராக்டர், டிரெய்லர், பின்னால் ஜெனரேட்டர். ஜெனரேட்டர்மேல் ஒருவன் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் ஆட்கள் எங்களைப் பார்த்து விசில் அடித்தார்கள். "என்னா, காலனி சாமிக்கு சிக்னலு போட்டுட்டானுங்களா?" என்று ஒருவன் கத்தினான்.

சிவப்பில் போனார்கள். குறுக்கே பச்சை விழுந்திருந்தது. ஒரு ஸ்கூட்டர்ப் பெண் பிரேக் போட்டு, ஆடி, காலை ஊன்றினாள். ஒரு கார்க்காரன் கண்ணாடியை இறக்கித் திட்டினான். டிராக்டர் கடந்தது. பெருமாள் கடந்தார். ஜெனரேட்டர் வண்டியைப் பார்த்தேன். அதுவும் கடந்தது. அதன்மேல் இருந்தவன் போனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

ஒன்றும் ஆகவில்லை.

அப்படித்தான். எப்போதும் ஒன்றும் ஆவதில்லை. ஏதாவது ஆகியிருக்க வேண்டும் என்று நான் நினைத்தேனா? நினைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

"பாத்தியா?" என்றார் மாமா. "என்னா ஆச்சி? என்னாடி ஆச்சி? அவன் சாமி போயிடிச்சி. நம்ம தாயி நடு ரோட்டுல நிக்கிறா, பிச்சக்காரி மாதிரி. இந்த ரோட்டுல ஏத்தறதுக்கே எங்கப்பன் எத்தினி பேரு கால்ல வுழுந்தான் தெரியுமா உனக்கு? நின்னு, வழி வுட்டு, அவுங்க போன பொறவுதான் போவணும்னு இருந்திச்சி. அத மாத்தறதுக்குத்தான..."

துண்டால் வாயைத் துடைத்தார்.

அது எனக்குத் தெரியாதது இல்லை. அந்த ரோஷம் எனக்கும் இருக்கிறது. மாமாவைவிட ஜாஸ்தியாகவே இருக்கிறது. கல்லூரியில் என் பெயருக்கு அடுத்து என்ன ஊர், எந்தத் தெரு என்று கேட்டவர்களின் முகம் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அந்த ரோஷத்தின் வாலில் என் தம்பி உட்கார்ந்திருந்தான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"அவனுக்கு வழி வுடல மாமா," என்றேன். "வெளக்குக்கு நிக்கிறேன். ரெண்டும் ஒண்ணு இல்ல."

அவர் என்னைப் பார்க்கவில்லை. பஸ்ஸிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்து அம்மனைக் கும்பிட்டார்கள். பஸ் கண்டக்டர் இறங்கி வந்து பூசாரியிடம் குங்குமம் கேட்டார். பூசாரி வேறு வழியில்லாமல் கொடுத்தார்.

"மதி," என்று அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

திரும்பினேன். டிரெய்லரின் முன்பலகையில் சாய்ந்துகொண்டு, விளக்கு காற்றில் அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு, சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்குக் கம்பத்தில் சிவப்புக்கு மட்டும் ஓடும் எண்கள் குறைந்துகொண்டே வந்தன. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எண் தெரியும்.

"அது முடிஞ்சா போவலாமா?"

"போவலாம்மா."

"இவ்ளோ நேரந்தானா?"

"ஆமா."

"போன வருசமும் இவ்ளோ நேரந்தான் நின்னிருக்கணுமா?"

மாமா மட்கார்டில் அசைந்தார். நான் அம்மாவின் கையிலிருந்த விளக்கைப் பார்த்தேன்.

"அதே சிக்னலுதாம்மா," என்றேன்.

அம்மா தலையை ஆட்டினாள். எண்ணெய் விலையைச் சொன்னால் எப்படி ஆட்டுவாளோ அப்படி. பிறகு மறுபடியும் எண்களைப் பார்த்தாள். ஒரு வருடமாக இதை அம்மா கேட்க வேண்டும் என்று நான் காத்திருந்தேன். அம்மன் எடுத்துக்கொள்ளவில்லை, நாம்தான் கொஞ்ச நேரம் நிற்கவில்லை என்று அவளுக்குப் புரிய வேண்டும் என்று. புரிந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு அவள் நாளைக் காலையில் என்ன செய்வாள் என்று நான் யோசித்திருக்கவில்லை. அம்மன் படத்துக்கு முன்னால் நின்று என்ன சொல்வாள்? என்னை ஏதாவது செய்யும் என்று காத்திருந்தேன். ஒன்றும் செய்யவில்லை. ஸ்டியரிங் சூடாக இருந்தது. அது தெரிந்தது.

பச்சை விழுந்தது. என் கண்ணெதிரே விழுந்த பச்சை.

உடனே எடுக்கவில்லை. வலது பக்கம் பார்த்தேன். எதிர்பார்த்த மாதிரியே ஒரு பைக் சிவப்பில் பாய்ந்து போனது. இடது பக்கம் டிரெய்லரை ஒட்டி நுழைந்திருந்த மொபெட்காரரைப் பின்னால் போகச் சொன்னேன். பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. முதல் கியரில் எடுத்தேன். நடுவில் கியர் மாற்றவில்லை. டிராக்டர் போனது. அம்மன் போனாள். நான் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஜெனரேட்டர் வண்டி நடு ரோட்டுக்கு வந்தது. போன வருடம் இருந்த இடம். செம்பியன் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அது கடந்தது. அதன்மேல் யாரும் இல்லை.

அவன் துணியை மடிப்பது கண்ணாடியில் தெரிந்தது. நாலாக மடித்தான், எட்டாக மடித்தான், அதற்குமேல் மடிக்க முடியாமல் கையிலேயே வைத்துக்கொண்டான்.

தேவனாம்பட்டினத்தில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெருமாள் தீர்த்தவாரி முடிந்து கரையேறிவிட்டார். எங்கள் அம்மனுக்குக் கடைசியில்தான் இடம் கிடைத்தது, படகுகள் நிறுத்தியிருந்த பக்கத்தில், மீன் வாடையோடு. பூசாரி அதையும் முணுமுணுத்துக்கொண்டே செய்தார். அம்மனுக்கு வாடை ஒன்றும் செய்ததாகத் தெரியவில்லை. ராபர்ட் அண்ணன் மட்டும் என்னிடம் வந்து, "நல்ல பிரேக்கு புள்ள. மேளம் சாயவே இல்ல," என்றார்.

மாமா மணலில் நின்றுகொண்டு, கடலைப் பார்த்தபடியே சொன்னார். "அடுத்த வருசம் வேற ஆளு பாத்துக்கறோம்."

"சரி மாமா."

"கோவிச்சிக்காத."

"இல்ல மாமா."

செம்பியன் கொஞ்சம் தள்ளி நின்றான். கிட்டே வந்தான். ஏதோ சொல்ல வந்தவன் மாதிரி இருந்தான். "மொத ஹாரனே கேட்டுச்சி," என்றான். "கை வரல."

"தெரியும்," என்றேன். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை.

அம்மா கடலில் இறங்கவில்லை. கரையிலேயே உட்கார்ந்திருந்தாள். மற்ற பெண்கள் மூழ்கி எழுந்து வந்து அவள்மேல் தண்ணீர் தெளித்தார்கள். துடைத்துக்கொள்ளவில்லை.

வெயில் சாயும்போது திரும்பினோம். ஊர்ச் சாமிகள் எல்லாம் எங்களுக்கு முன்னால் போய்விட்டதால் ரோடு லேசாக இருந்தது. மைக் செட்டை நிறுத்தியிருந்தார்கள். பெண்கள் தூங்கி விழுந்துகொண்டிருந்தார்கள். அம்மா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். கையில் விளக்கு இல்லை.

"அந்த எடந்தான வரப் போவுது?" என்றாள்.

"ஆமாம்மா."

"நிறுத்து."

சிக்னல் தெரிந்தது. சிவப்பாக இருந்தது. அப்படியே இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டே முதல் கியருக்கு இறக்கி மெதுவாகப் போனேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சை விழுந்தது. புதிய பச்சை. கடக்க நேரம் இருந்தது. பின்னால் ஒரு டேங்கர் லாரி வந்துகொண்டிருந்தது.

"நிறுத்துடி," என்றாள் அம்மா. "கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போலாம். காலைல நின்னமே, அந்த மாதிரி."

"பச்சையில நிக்கக் கூடாதும்மா. பின்னாடி லாரி வருது."

"கொஞ்ச நேரம்."

"முடியாதும்மா."

கடந்தேன். டிராக்டர், அம்மன், ஜெனரேட்டர். கண்ணாடியில் லாரியைப் பார்த்தேன், இடைவெளியைப் பார்த்தேன், கடைசி வண்டி கோட்டைத் தாண்டிவிட்டதா என்று பார்த்தேன். கண்ணாடியின் ஓரத்தில் அம்மா பின்னால் திரும்பி உட்கார்ந்து, சிக்னல் மறையும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாலம் ஏறி இறங்கி வெகுதூரம் வந்த பிறகு மாமா மெதுவாக என் தோளைத் தொட்டார்.

"கியர மாத்து பாப்பா," என்றார். "இன்னும் மொத கியர்லியே போய்க்கிட்டு இருக்குற."